மாலை போட்டவரிடம் சொன்னேன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கார்த்திகை பிறந்த அன்று என் கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். முதல் தடவை. எனக்காக வேண்டிக்கொண்டது.

2. அந்த நாட்களிலேயே எங்கள் அலுவலகம் என்னையும் ஒரு பொறியியலாளரையும் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கூரையில் சோலார் வேலைக்கு அனுப்பியது.

3. மழை பெய்த ஒரு மத்தியானம் அந்தப் பொறியியலாளரின் கையைப் பிடித்தேன். பிடித்தது நான், அவர் அல்ல.

4. அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் மாலையோடு இருக்கும்போதே, வேண்டுமென்றே.

5. அவர் கோபப்படவில்லை.

6. மலைக்குப் புறப்பட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இலக்கம் போட்டு எழுதினால் எனக்கு எதுவும் விளங்கிவிடும். டிப்ளோமா படிக்கும்போது வந்த பழக்கம். கூரையில் பழுது என்றாலும் இப்படித்தான் எழுதிப் பார்ப்பேன், எங்கே தொடங்கியது என்று தெரிந்துவிடும். இதில் தெரியவில்லை. மூன்றாவதைச் செய்தவள் நான்தான் என்பதே இன்னும் எனக்குள் இறங்கவில்லை.

என் கணவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இருவரும் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ஒரே பாடசாலை, பேராதனைக்கு ஒரே பஸ். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் முன்பே அவர்தான் என்று எனக்கு முடிவாகிவிட்டது. வேறு யாரையும் நினைத்ததில்லை. நினைக்காமல் இருக்க நான் முயற்சி எடுத்ததும் இல்லை, அதற்குத் தேவையே வரவில்லை. இப்போது ஹந்தானைக்குப் போகும் வழியில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு டவுனில் ஒரு பேக்கரியில் வேலை. வீட்டில் நான் அவரை 'நீ' என்பேன், ஆட்கள் முன்னால் 'நீங்க'. அவர் எங்கேயும் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து வழுக்கி விழுந்து என் கால் முறிந்தது. எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் இடையில் செங்குத்தான படிக்கட்டு. கிளினிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் என்னை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். கீழ்வீட்டு ஆட்கள் சிரித்தால், "சீனி மூட்டைய விட இது பாரம் கம்மிங்க" என்பார். எனக்குத் தலை கழுவிவிட்டார். பேக்கரியில் கற்றுக்கொண்ட கை. மா பிசைவது போல என் தலையைப் பிசைவார். "இவ மறுபடியும் கூரை ஏறட்டும், மாலை போட்டு வாரேன்" என்று அப்போது வேண்டிக்கொண்டாராம். எனக்குத் தெரியாது. நான் மறுபடியும் கூரை ஏறிய பிறகுதான் சொன்னார்.

மாலை போட்டால் வீடு மாறிவிடும். கறுப்பு உடுப்பு, வெறுங்கால், பாயில் படுக்கை, சவரம் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை. மனைவியைத் தொடுவதில்லை. எனக்கு வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவர் குருசாமி வீட்டில் போய்த் தங்கினார். பேக்கரியில் முட்டை தொடக்கூடாது என்பதால் முதலாளியிடம் சொல்லி பில் போடும் பக்கம் மாறிக்கொண்டார். முதலாளி முஸ்லிம் மனிதர். "சாமி, மீன் வச்ச மாலுபாண் பொதி பண்ற பக்கமும் வராதீங்க, நோன்பு நோன்புதான்" என்று அவரே தள்ளி நிறுத்தினாராம். மாலை போட்டவருக்கு எல்லோரும் சாமி. எதிரில் வருகிற யாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். பெண்கள் என்றால் மாளிகைப்புறம். கோபப்படக்கூடாது, கடுஞ்சொல் வரக்கூடாது. இந்தக் கடைசி இரண்டையும்தான் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பொறியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கண்டி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். கூரையை அளந்து படம் வரைவது என் வேலை, படத்தைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. தொழிற்சாலைக் கூரையில் நின்று என் படத்தை விரித்துப் பார்த்தார்.

"மிஸ், இது பிழை."

"எது சேர்?"

"இந்த வரிசை. பின்னேரத்தில புகைபோக்கீன்ர நிழல் இதில விழும். நீங்கள் காலமை வந்து பாத்திட்டுப் போயிருக்கிறீங்கள்."

"நான் மத்தியானம் வந்தேன்."

"அப்ப இன்னும் பிழை."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பென்சிலை எடுத்து என் கோட்டின் மேலேயே கோடு போட்டார். நான் விடவில்லை. நிழல் விழுவது கொஞ்ச நேரம்தான், அதற்காக ஒரு வரிசையையே விடுவதா என்று கேட்டேன். வெயில் சாயும் வரை நின்று சண்டை போட்டோம். நிழல் அவர் சொன்ன இடத்தில்தான் விழுந்தது. ஆனால் நான் சொன்னது போலச் சீக்கிரம் நகர்ந்தும் போனது. "சரி, அரைவாசி பிழை" என்றார்.

வீட்டில் என்னிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. என் கணவருக்கு நான் சொன்னால் சரி. பல்பு மாற்றுவதிலிருந்து வீடு மாற்றுவது வரை "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும் புள்ள" என்பார். பெருமையோடுதான் சொல்வார். அதில் ஒரு குறையும் இருந்ததாக நான் அதற்கு முன் உணரவில்லை. அந்தக் கூரையில் ஒருவர் என் கணக்கோடு மல்லுக்கு நின்றபோது முகத்தில் சூடு ஏறியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது வெயில் இருக்கவில்லை, மப்பும் மந்தாரமுமாக இருந்தது. சூடு மட்டும் இருந்தது.

பிறகு மழை வந்த அந்த மத்தியானம். வேலையாட்கள் கூரையிலிருந்து இறங்கி வேனுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஒதுங்கி நின்றோம். நீளத் தட்டுகளில் பச்சைக்கொழுந்து பரப்பியிருந்தது. கீழிருந்து காற்று அடிக்கிற சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. அவர் ஏதோ சொன்னார். விளங்கவில்லை என்று கிட்டப் போனேன். மீட்டரை என்னிடம் நீட்டினார். மீட்டரை வாங்குவதற்குப் பதிலாக அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். என் பெருவிரல் அவர் உள்ளங்கையில் அசைந்ததைப் பார்த்தேன். வேறு யாருடையதோ விரலைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அவர் கையை இழுக்கவில்லை. என் காதுப் பக்கம் குனிந்து சொன்னார்: "இது என்னெண்டு எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும்தான் சேர்."

அந்த நேரத்திலும் சேர் என்றுதான் வாயில் வந்தது. கீழே வேன்காரர் ஹோர்ன் அடித்தார். இறங்கிப் போனோம். கண்டி வந்து சேரும் வரை நான் முன் சீட்டிலும் அவர் பின் சீட்டிலும். வத்தேகமவில் யாரோ கடலை வாங்கினார்கள், எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. தின்றேன். பசித்தது. அதுவே எனக்கு அதிர்ச்சி. இப்படி ஒன்றைச் செய்துவிட்டு வருகிறவளுக்குப் பசிக்காது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வழி மூன்று. சொல்லாமல் விடுவது. அவர் மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய பிறகு சொல்வது. இப்போதே சொல்வது. முதலாவது என்னால் முடியாது. எனக்குப் பொய் சொல்ல வராது என்பதல்ல காரணம், அவரிடம் இதுவரை பொய் சொல்ல வேண்டி வந்ததில்லை. மற்ற இரண்டில் எது என்பதுதான் கேள்வி. எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. வயரில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்து, நின்றுவிட்டதா என்று பார், பிறகு தொடு. அவர் மாலையில் இருக்கிறார், கோபப்பட முடியாது. நாங்கள் இப்போது கணவன் மனைவியாகவும் இல்லை, சாமியும் மாளிகைப்புறமும். எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிற நேரம். தொடுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான நேரம் இல்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் பஜனை. அவர் குசினியில் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"சாமி, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க மாளிகப்புறம்."

"வேலைக்கு வர்ற சேர் இருக்காரே."

"யாழ்ப்பாணத்து சாமியா?"

"ஆமா. அவரு கையப் புடிச்சேன்."

துருவுவது நிற்கவில்லை. "விழப் பாத்தீங்களா? பாத்து ஏறுங்கன்னு சொன்னேன்ல."

"விழல. புடிக்கணும்னு இருந்துச்சு. புடிச்சேன். இன்னும் இருக்கு."

இப்போது நின்றது. தேங்காய்ப்பாதியைத் துருவலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, தேங்காய்க்குள் பார்த்தார்.

"சாமிகிட்ட சொல்றீங்களா, எங்கிட்ட சொல்றியா?"

நான் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். யார், எப்போது, எத்தனை தரம், ஏன் என்று எது கேட்டாலும் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை. பயத்தில், கிட்ட இருந்த பதிலை எடுத்தேன்.

"சாமிகிட்ட."

"அப்ப சாமி கேட்டுக்கிச்சு." அடுத்த பாதியை எடுத்தார். "அவன்கிட்ட இப்போதைக்கு யாரும் சொல்ல வேணாம்."

அவன் என்றது தன்னைத்தான். அதற்குப் பிறகு தேங்காய் முழுவதையும் துருவி முடித்தார். கோபம் வராது என்று கணக்குப் போட்டேன், வரவில்லை. கணக்கு சரி. ஆனால் அவர் எழுந்து கை கழுவிவிட்டு, "போஞ்சி காணுமா மாளிகப்புறம், இன்னும் வாங்கியாரவா?" என்று கேட்டபோது, எனக்குத் தெரிந்த மனிதர் அந்த வீட்டில் இல்லை என்று விளங்கியது. அவரை அனுப்பிவைத்தது நான்தான் என்பதும் விளங்கியது.

அன்றைய பஜனையில் குருசாமி, அவர் ஓட்டோ ஓட்டுகிறவர், சுண்டலை மென்றுகொண்டே சொன்னார்: "மாளிகப்புறம், ஒங்க கன்னிசாமிக்கு என்னா குடுத்தீங்க? நேத்து வரைக்கும் சரணம் சொன்னா பக்கத்துல இருக்கிறவனுக்கே கேக்காது. இன்னிக்கு அடிச்ச அடிக்கு மலையில இருக்கிற ஐயப்பனே எழும்பி உக்காந்திருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். தொண்டை கட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சரணத்தையும் கல்லை எறிவது போல எறிந்தாரே, அதை நான் குசினிக் கதவடியில் நின்று பார்த்தேன். சோலார் வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், வெளிச்சம் இருக்கும்வரை பெனலிலிருந்து வருகிற வயரில் மின்சாரம் இருக்கும், சுவிட்சை நம்பிக் கை வைக்காதே. எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

கணவரிடம் சொல்லிவிட்டதை அடுத்த நாள் பொறியியலாளரிடமும் சொன்னேன். அலுவலகப் படியில் வைத்து.

"அவருக்குச் சொல்லீட்டீங்களோ?" சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கு ஒண்டும் சொல்லாமல் அவருக்குச் சொன்னனீங்களோ?"

"ஒங்ககிட்ட சொல்ல என்ன இருக்கு சேர்? நீங்க அங்கதானே இருந்தீங்க."

"இருந்தனான்தான். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை." பிறகு, குரலை இறக்கி: "ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். அதுக்குத்தான் பயம்."

இதைக் கேட்டு எனக்கு வெட்கமோ பயமோ வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது. உடம்பு முழுக்க. முந்தின நாள் கணவரின் கழுத்து நரம்பைப் பார்த்து நடுங்கிய அதே உடம்பு. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

அதன் பிறகு மலைக்குப் போகும் நாள் வரை என் கணவர் என்னிடம் ஒரு சொல்லும் கூடக் குறையப் பேசவில்லை. சாப்பாடு நல்லா இருக்கு மாளிகப்புறம். குடை எடுத்துட்டுப் போங்க மாளிகப்புறம். ஒரு நாள் பொறுக்காமல், "திட்டவாச்சும் செய்யேன்" என்றேன். "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாத காலோடு மழையில் இறங்கிப் போனார்.

கட்டு நிறைக்கும் நாள் கோயிலில் கூட்டம். மலைக்குத் தலையில் சுமந்து போகும் இருமுடிப் பைக்குள் வீட்டு ஆட்கள் கைப்பிடி அரிசி போட வேண்டும். அவருடைய அம்மா போட்டார். குருசாமி என்னைக் கூப்பிட்டார். "வாங்க மாளிகப்புறம், மனசுல ஒன்ன நெனச்சுக்கிட்டுப் போடுங்க."

எனக்கு ஒன்று இல்லை, இரண்டு இருந்தது. அரிசியை அள்ளிக்கொண்டு நின்றேன். என் கணவர் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். மா மூட்டை தூக்குகிற கை, என்னைப் படி இறக்கிய கை, ஒரு வெறும் துணிப்பையின் வாயை இரண்டு தடவை நழுவவிட்டது. எதையும் நினைக்காமல் போட்டேன். பாதி வெளியே சிந்தியது.

"பரவாயில்ல, ஐயப்பன் பொறுக்கிக்குவாரு" என்றார் குருசாமி. பிறகு எல்லோரையும் பார்த்துச் சட்டம் சொன்னார்: "வாசல்ல தேங்கா ஒடச்சா எறங்கிடணும். போயிட்டு வாரேன்னு யாரும் சொல்லக்கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது. பொண்டாட்டி கூப்புட்டாலும் சரி, அதுவும் அழுதுகிட்டுக் கூப்புட்டாலும் சரி."

"எவ அழுவப் போறா சாமி, நிம்மதியா தூங்குவாளுக" என்று ஒரு பெண் சொன்னாள். சிரிப்பு எழுந்தது.

என் கணவர் தேங்காய் உடைத்தார். தலையில் கட்டோடு இறங்கினார். வருகிறேன் என்று சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. எல்லாக் கணவர்மாரும் அன்று அப்படித்தான் போனார்கள். மற்றப் பெண்களுக்கு அது சம்பிரதாயம் என்று தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை. வழக்கத்துக்காகப் போகிறாரா, என்னை விட்டே போகிறாரா என்று அந்த முதுகைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. வேன் வளைவில் மறையும் வரை நின்றேன். கத்திக் கூப்பிட நினைத்தேன், கூப்பிட்டாலும் அவர் திரும்பக்கூடாதே.

அவர் போயிருந்த நாட்களில் எனக்கு அழைப்பு இல்லை. குழுவினர் அனுப்பிய படங்களில் பின்வரிசையில் நின்றார். அவர் திரும்பி வராவிட்டால் என்ன செய்வேன் என்று எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். முதலாவது இலக்கத்துக்குக் கீழே எழுத ஒன்றும் வரவில்லை. பொறியியலாளர் அந்த நாட்களில் ஒரு தடவையும் வீட்டுப் பக்கம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. கூப்பிட ஆசையாக இருந்தது.

என் கணவர் திரும்பி வந்தார். கோயிலில் குருசாமி மாலையைக் கழற்றினார். தாடியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது முகம் மெலிந்து பாடசாலைக்கால முகம் போல இருந்தது. பயணப்பையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். முதலில் இருந்து. மழை, மேல்மாடி, கை, அலுவலகப் படியில் பொறியியலாளர் சொன்னது, அதற்கு எனக்கு வந்த சந்தோஷம். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எம்மேல?"

"அதுவும் இருக்கு. கொறையல. கொறஞ்சிருந்தா ஒங்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "கையப் புடிச்சே. சரி. மனுசருக்கு வரும். பேக்கரிக்கு வர்ற பொம்பளைகள நானும் பாக்காம இல்ல. ஆனா நான் வாயத் தெறக்க முடியாத நேரமா பாத்துச் சொன்னே பாரு." திரும்பினார். கண் சிவந்திருந்தது. "கணக்குப் பாத்துச் சொன்னே. எனக்கு ஒரு மனுசனா நின்னு கேக்கக்கூட நீ எடம் குடுக்கல. ஒன் காலு சரியானதுக்கு நன்றி சொல்லத்தான் போனேன். அங்க போயி நின்னா ஒன்னுமே சொல்ல வரல. பின்னாடி இருந்தவன் தள்ளிவிட்டான், வந்துட்டேன்."

பிறகு கத்தினார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத சொற்கள். கீழ்வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். நான் நின்றபடி கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் பட்டது. பட்டாலும், என்னோடு பேசுகிறவர் அவர்தான் என்பதில் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது.

இன்றைய நிலை இது. அவர் வீட்டில்தான் இருக்கிறார். பேக்கரியில் அதிகாலை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், நான் எழும்பும்போது போயிருப்பார். இரவுச் சாப்பாடு சேர்ந்து சாப்பிடுகிறோம். மடுல்கெல்ல வேலையை நான் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். பொறியியலாளரை அலுவலகத்தில் பார்க்கிறேன், அவர் குரல் படியேறி வந்தால் என் கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது. அவரோடு தனியே பேசுவதில்லை. என் கணவர் என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு இப்படி என்று ஒரு நாள் கேட்டார். தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது என்றார்.